உப்பா, பதமா? இலவச ஸ்டார்ட்டர் என்னும் வியாபார யோசனை பற்றிச் சில குறிப்புகள்

கேட்டரிங் தொழிலை வளர்க்க என்ன வழி என்று யாரைக் கேட்டாலும் முதல் மூன்று பதிலுக்குள் இது வந்துவிடும்: "ஸ்டார்ட்டரை ஃப்ரீயா குடுங்க." நாலு மினி போண்டா, கொஞ்சம் கோபி மஞ்சூரியன், ஒரு கப் சூப். வாயில் போட்டதும் மனசு இளகும், மனசு இளகினால் ஆர்டர் வரும். மார்க்கெட்டிங் வகுப்பெடுப்பவர்களும் சொல்கிறார்கள், யூடியூபில் தொழில் ஆலோசனை தருபவர்களும் சொல்கிறார்கள். ஆதாரம் கேட்டால் ஒரு புத்தகத்தின் பெயர் வரும். பெரும்பாலும் ராபர்ட் சியால்டினியின் 'இன்ஃப்ளூயன்ஸ்' (1984). இல்லையென்றால் டான் ஏரியலியின் 'ப்ரெடிக்டபிளி இர்ரேஷனல்' (2008).

இரண்டையும் நான் முன்பே படித்திருக்கிறேன். போன மாதம் மறுபடி எடுக்க ஒரு காரணம் வந்தது. உறவில் தம்பி முறை வரும் ஒருவர் தாம்பரம் பக்கம் சின்னதாகக் கேட்டரிங் எடுத்துச் செய்கிறார். கையில் இருக்கிற முதல், வீட்டு நகையை அடகு வைத்து வாங்கியது. "எல்லாரும் ஸ்டார்ட்டர் ஃப்ரீயா குடுங்கறாங்க, குடுக்கலாமாண்ணா?" என்று கேட்டார். நான் சாஃப்ட்வேர் ஆள், பொருளாதாரம் முறையாகப் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு புத்தகம் சொல்வதற்கும் அதன் பெயரால் சொல்லப்படுவதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. அந்தக் குறிப்புகள்தான் இவை.

இரண்டு பழமொழிகள், இரண்டு கோட்பாடுகள்

இலவசமாகக் கொடுக்கும் உணவு ஏன் வியாபாரத்தைக் கூட்ட வேண்டும்? இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. இரண்டுக்குமே நம்மிடம் பழமொழி இருக்கிறது.

ஒன்று, 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை'. தின்றவனுக்குக் கடன் பட்ட உணர்வு வரும், அதைத் தீர்க்க ஏதாவது செய்வான். சியால்டினி சொல்வது இதைத்தான். அவர் வைக்கும் பெயர் பரஸ்பரக் கடப்பாடு. விமான நிலையங்களில் ஹரே கிருஷ்ணா இயக்கத்தினர் பயணிகள் கையில் ஒரு பூவைத் திணித்துவிட்டுப் பிறகு நன்கொடை கேட்டதை உதாரணமாகக் காட்டுகிறார்.

இரண்டு, 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்'. தின்றவனுக்குச் சரக்கு எப்படி என்று தெரிந்துவிடுகிறது, பிடித்திருந்தால் வாங்குகிறான். இதில் நன்றிக்கடன் கிடையாது, தகவல் மட்டும்தான். பொருளாதாரத்தில் பிலிப் நெல்சன் 1970இல் எழுதிய கட்டுரை இந்த வழியில் போகிறது. சில பொருட்களின் தரத்தைக் கடையிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், சிலவற்றை அனுபவித்தால்தான் தெரியும் என்று அவர் பிரித்தார். சாப்பாடு இரண்டாவது வகை. அதே 1970இல்தான் ஜார்ஜ் அகர்லாஃபின் பழைய கார் சந்தை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையும் வந்தது. நல்லது எது மட்டமானது எது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாத சந்தையில், நல்ல சரக்கு வைத்திருப்பவனுக்குத்தான் நஷ்டம் என்பது அதன் சாரம்.

உப்பு, பதம் இரண்டும் ஒரே போண்டாவில் இருக்கலாம். ஆனால் கொடுக்கிறவருக்கு வித்தியாசம் முக்கியம். உப்புதான் வேலை செய்கிறது என்றால் எதைக் கொடுத்தாலும் போதும், தாராளமாகக் கொடுக்க வேண்டும். பதம்தான் வேலை செய்கிறது என்றால் விற்கப்போகும் சரக்கையே கொடுக்க வேண்டும், கொஞ்சம் கொடுத்தால் போதும். ஆலோசகர்கள் முதல் வழியை மட்டுமே சொல்கிறார்கள். அது எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கலாம்.

சியால்டினியின் பாலாடைக்கட்டி

சூப்பர் மார்க்கெட் சாம்பிள் பற்றிப் பேசும்போது சியால்டினி ஒரு கதையை எடுத்துக் காட்டுகிறார். வான்ஸ் பக்கார்டின் 'தி ஹிட்டன் பெர்சுவேடர்ஸ்' (1957) புத்தகத்தில் உள்ள கதை. இண்டியானா மாநிலத்தில் ஒரு கடைக்காரர் பாலாடைக்கட்டியை வெளியே வைத்து, வேண்டிய அளவு நீங்களே சீவித் தின்று பாருங்கள் என்று விட்டுவிட்டார். சில மணி நேரத்தில் ஆயிரம் பவுண்டு விற்றுப்போனது.

இதைச் சியால்டினி நன்றிக்கடனுக்குச் சாட்சியாக நிறுத்துகிறார். எனக்கு இங்கேதான் இடிக்கிறது. அதே அத்தியாயத்தில் சாம்பிள் மேஜைக்குப் பின்னால் நின்று சிரிக்கும் பணியாளரைப் பற்றியும் பேசுகிறார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வெறும் குச்சியை வைத்துவிட்டு நகர்வது சங்கடம், சரி. ஆனால் பாலாடைக்கட்டிக் கதையின் விசேஷமே வாடிக்கையாளர் தானே வெட்டிக்கொண்டார் என்பதுதான். கையில் எடுத்துக் கொடுத்தவர் யாரும் இல்லாதபோது கடன் யாருக்கு? தின்று பார்த்தார்கள், ருசியாக இருந்தது, வாங்கினார்கள் என்று சொன்னாலும் கதை அப்படியே பொருந்துகிறது. இரண்டு விளக்கங்களுக்கும் சமமாகப் பொருந்தும் கதையை ஒரு விளக்கத்துக்குச் சாட்சி என்று சொல்ல முடியாது.

ஜாம் மேஜை சொல்வது

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு பரிசோதனை உதவும். வேறு கேள்விக்காகச் செய்யப்பட்டது, ஆனால் நம் கேள்விக்கும் பதில் சொல்கிறது. ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் கலிஃபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையில் ஜாம் ருசி பார்க்கும் மேஜை போட்டார்கள். கட்டுரை 2000இல் வெளிவந்தது. சில மணி நேரம் 24 வகை ஜாம், சில மணி நேரம் 6 வகை. 24 வகை இருந்தபோது அந்த வழியாகப் போனவர்களில் 60 சதவீதம் பேர் நின்றார்கள். 6 வகை இருந்தபோது 40 சதவீதம். ஆனால் நின்றவர்களில் வாங்கியவர்கள்? 24 வகை மேஜையில் 3 சதவீதம், 6 வகை மேஜையில் 30 சதவீதம்.

இதை எல்லோரும் 'தேர்வு அதிகமானால் குழப்பம்' என்பதற்காக மேற்கோள் காட்டுவார்கள். அந்த முடிவு எல்லா இடத்திலும் நிற்கவில்லை. 2010இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம் என்று வந்தது. அது இருக்கட்டும். இந்த ஒரு மேஜையை மட்டும் பாருங்கள். இரண்டு பக்கமும் இலவசம், இரண்டு பக்கமும் அதே பணியாளர்கள், சராசரியாகத் தின்ற அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். நன்றிக்கடன்தான் மனிதர்களை வாங்க வைக்கிறது என்றால், அந்தக் கடன் இரண்டு பக்கமும் சமமாக இருந்திருக்க வேண்டும். 24 வகை மேஜையில் தின்றவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் கடனைத் துடைத்துப் போட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள்.

கேட்டரிங்காரர் இதில் கவனிக்க வேண்டியது முதல் எண்ணைத்தான். கூட்டம் அதிகம் நின்ற மேஜையில்தான் வியாபாரம் குறைவு. 'லைவ் கவுண்ட்டர்ல அள்ளிக்கிச்சு சார்' என்பது வெற்றிக்கு அடையாளம் ஆகாது.

ஏரியலியையும் இங்கேயே முடித்துவிடலாம். அவருடைய பரிசோதனையில் உயர்தர லிண்ட் சாக்லேட் 15 சென்ட், சாதாரண ஹெர்ஷி கிஸ் 1 சென்ட் என்று வைத்தபோது 73 சதவீதம் பேர் லிண்ட் எடுத்தார்கள். இரண்டிலும் ஒரு சென்ட் குறைத்து 14 சென்ட், இலவசம் என்று வைத்ததும் 69 சதவீதம் பேர் ஹெர்ஷி பக்கம் போனார்கள். பூஜ்யம் என்ற விலைக்கு ஒரு தனி மயக்கம் உண்டு என்பது நிரூபணம். ஓசில குடுத்தா ஃபினாயிலையும் குடிப்பான் என்று நம்ம ஊரில் பரிசோதனை இல்லாமலே சொல்லிவிட்டார்கள். ஆனால் கவனியுங்கள்: இலவசமாக இருப்பதை மக்கள் எடுப்பார்கள் என்று மட்டும்தான் இது காட்டுகிறது. எடுத்தவர்கள் நாளைக்குக் காசு கொடுத்து வாங்க வருவார்களா என்பது அந்தப் பரிசோதனையின் கேள்வியே இல்லை.

உப்பிட்டவர் யார்?

இரண்டு புத்தகங்களிலும் அறைக்குள் இரண்டே பேர் இருக்கிறார்கள். கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். கல்யாண மண்டபத்தில் குறைந்தது மூன்று தரப்பு: சமைப்பவர், காசு கொடுப்பவர், சாப்பிடுபவர். சாப்பிடுகிற ஐந்நூறு பேரும் காசு கொடுப்பதில்லை. காசு கொடுக்கிற பெண்ணின் அப்பாவோ அன்றைக்குச் சாப்பிடுவதே மூன்று மணிக்குத்தான்.

வரவேற்பில் நுழைந்ததும் கையில் ஒரு சூப் கப் கிடைக்கிறது. விருந்தாளி யாருக்கு நன்றி நினைப்பார்? "நல்லா கவனிச்சாங்கப்பா" என்று பெண் வீட்டாரைத்தான் சொல்வார். அந்தக் கடனைத் தீர்க்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதற்குப் பெயர் மொய். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து என்றே தனியாக நடக்கிறது. ஆடி மாதம் விருந்து வைத்து, வந்தவர்கள் எழுதும் மொய்யை நோட்டில் குறித்து, பிறகு அவர்கள் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்ய வேண்டும். பரஸ்பரக் கடப்பாட்டை இவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைக்கும் இடத்தைச் சியால்டினி பார்த்திருந்தால் ஒரு அத்தியாயமே எழுதியிருப்பார். அந்த நோட்டில் சமையல்காரர் பெயரில் பக்கம் கிடையாது.

அதாவது, இலவச ஸ்டார்ட்டர் கிளப்பும் நன்றி கேட்டரிங்காரரைத் தாண்டி விருந்து வைத்தவரிடம் போய்ச் சேர்கிறது. செலவு ஒருவருக்கு, பெயர் இன்னொருவருக்கு.

சியால்டினிக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 'ப்ரீ-சுவேஷன்' (2016) என்ற பின்னாளைய புத்தகத்தில் அவரே நிபந்தனை போடுகிறார்: கொடுப்பது பெறுபவருக்கு அர்த்தமுள்ளதாக, எதிர்பாராததாக, அவருக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். ஓட்டலில் பில்லோடு மிட்டாய் வைத்தால் டிப்ஸ் கூடுகிறதா என்று பார்த்த ஆய்வு ஒன்று 2002இல் வந்தது. பணியாளர் ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் மனசு மாறியது போலத் திரும்பி இன்னொன்றும் கொடுத்தபோதுதான் டிப்ஸ் அதிகம் கூடியது. அதுவும் அதே மேஜையில், அதே நிமிஷத்தில், தின்றவரே கொடுக்கும் டிப்ஸ். 'ஸ்டார்ட்டர் முற்றிலும் இலவசம்' என்று நோட்டீஸில் அச்சடித்த உடனே அது எதிர்பாராததாக இருப்பது போய்விடுகிறது. வெல்கம் டிரிங்க் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அதற்காக ஒரு கேட்டரிங்காரரை யாராவது புகழ்ந்து கேட்டிருக்கிறீர்களா? இல்லாவிட்டால்தான் "வெல்கம் டிரிங்க் கூட இல்லையா" என்று கேட்பார்கள்.

போண்டா எந்தப் பானையின் சோறு?

சரி, உப்பு போகட்டும். பதமாவது பார்க்க முடிகிறதா?

இலவசம் பதமாக வேலை செய்ததற்குப் பெரிய உதாரணம் தேநீர். 1903இல் ஏற்றுமதித் தேயிலை மீது ஒரு வரி போட்டு, அந்தப் பணத்தில் தேயிலைப் பிரச்சாரம் தொடங்கியது. பின்னாளில் இந்திய அளவில் சந்தை விரிவாக்க வாரியமே அமைத்து, தேநீர் எப்படிப் போடுவது என்று செய்து காட்டிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்கள். அது பலித்ததில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, கொடுத்த கோப்பையும் விற்கப்போகும் சரக்கும் ஒன்றே. இரண்டு, செலவு மொத்தத் தேயிலைத் தொழிலின் தலையில் பிரிந்தது, தனி முதலாளி ஒருவர் நகையை அடகு வைத்துக் கொடுக்கவில்லை.

மினி போண்டா எந்தப் பானையின் சோறு? கல்யாணத்துக்கு ஆள் தேடுகிறவர் மனசில் இருக்கும் பயம் போண்டா ருசியைப் பற்றியது இல்லை. எண்ணூறு பேருக்குச் சாம்பார் அதே பதத்தில் வருமா, முகூர்த்தம் முடிந்ததும் ஒரே நேரத்தில் முந்நூறு பேர் பந்திக்கு வந்தால் சமாளிப்பார்களா, கடைசிப் பந்தியில் பாயசம் மிச்சம் இருக்குமா, இலையில் உட்கார்ந்த பெரியவர் ரசத்துக்காகக் கையைக் காய வைத்துக்கொண்டு காத்திருப்பாரா, இதெல்லாம்தான் பயம். எங்கள் தொழிலில் டெமோ ஒன்று, லோட் டெஸ்ட் வேறொன்று. ஒரு ஆள் லேப்டாப்பில் ஓடும் மென்பொருள், பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் எப்படி ஓடும் என்று டெமோ சொல்லாது. இருபது பேருக்குச் சுடச்சுடப் பொரித்த போண்டா டெமோ. கடைசிப் பந்திதான் லோட் டெஸ்ட்.

கணக்கு

இப்போது காசு. இது விளக்கத்துக்காக நான் போடும் கற்பனைக் கணக்கு, யாருடைய உண்மைக் கணக்கும் இல்லை. 400 இலை, இலைக்கு 250 ரூபாய், மொத்தம் 1,00,000. எல்லாச் செலவும் போகக் கையில் நிற்பது 12 சதவீதம், அதாவது 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 15 ரூபாய் அடக்கத்தில் ஸ்டார்ட்டர் கொடுத்தால் 6,000 போகிறது. லாபத்தில் சரிபாதி.

"அடுத்த ஆர்டரில் வந்துடும்" என்பார்கள். ஆனால் அடுத்த ஆர்டரிலும் ஸ்டார்ட்டர் இலவசம்தானே? அதிலும் கிடைப்பது 6,000. ஆக, முன்பு சம்பாதித்த அதே தொகையைச் சம்பாதிக்க ஆர்டர் இரண்டு மடங்காக வேண்டும். இரண்டு மடங்கு உழைப்பு, இரண்டு மடங்கு வண்டி, இரண்டு மடங்கு ஆள். வளர்ச்சி என்று அப்புறம்தான் பேசவே முடியும். இந்த வரியை எந்த ஆலோசகரும் சொல்லி நான் கேட்கவில்லை.

தொழிலில் இருப்பவர்கள் இதற்கு ஒரு மறுகணக்கு வைத்திருக்கிறார்கள்: முதலில் வயிறு கொஞ்சம் நிறைந்தால் பந்தியில் பண்டம் குறைவாகப் போகும். இதற்கு ஆய்விலும் ஓரளவு ஆதாரம் உண்டு. 2007இல் வந்த ஃப்ளட், ரோல்ஸ் ஆய்வில், சாப்பாட்டுக்கு முன் சூப் குடித்தவர்கள் சூப்பையும் சேர்த்தே 20 சதவீதம் குறைந்த கலோரி சாப்பிட்டார்கள். ஆனால் எண்ணெயில் பொரித்த காரமான பண்டம் சூப் மாதிரி நடந்துகொள்ளும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ருசியான முதல் வாய் பசியைத் தூண்டும் என்பதை மார்ட்டின் யோமன்ஸ் 1990களில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அப்படியே பந்தியில் பண்டம் குறைந்தாலும், விருந்தாளி நினைவில் நிற்க வேண்டிய சாப்பாட்டை அரை வயிற்றோடு தின்று எழுந்து போவது கேட்டரிங்காரருக்கு நல்லதா என்று யோசிக்க வேண்டும்.

இன்னொரு வழியும் சிலர் கையாள்வது. ஸ்டார்ட்டர் இலவசம் என்று சொல்லி இலை விலையில் அந்தப் பதினைந்து ரூபாயை ஏற்றிவிடுவது, அல்லது பரிமாறும் ஆட்களில் இரண்டு பேரைக் குறைப்பது. முதலாவதில் இலவசம் என்ற சொல் பொய்யாகிறது. இரண்டாவதில் அந்தச் செலவு, காலை நாலு மணிக்கு வந்து இரவு வரை நிற்கும் தினக்கூலி ஆட்களின் காலில் இறங்குகிறது. அமெரிக்க மதுக்கடைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலவச மதிய உணவு வைத்தார்கள். உப்பு தூக்கலான பண்டங்கள், தாகம் எடுக்கும், குடியில் காசு திரும்பி வந்துவிடும். அங்கேயாவது தின்றவரே காசு கொடுத்தார்.

யாருடைய இலை?

பதம் பார்க்க வைக்கும் சரியான முறை இந்தத் தொழிலில் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. விசாரிக்க வருகிறவரிடம் "ஞாயித்துக்கிழமை இன்ன மண்டபத்துல நம்ம சமையல்தான், வந்து சாப்பிட்டுப் பாருங்க சார்" என்பார்கள். இது போண்டாவை விட நூறு மடங்கு நல்ல சாம்பிள். உண்மையான பந்தி, உண்மையான கூட்டம்.

ஆனால் அந்த இலை யார் கணக்கில்? மண்டபத்தில் இலை எண்ணித்தான் பில். சாப்பிட்டுப் பார்க்க வந்த நாலு பேரின் இலையும் அன்றைய கல்யாண வீட்டார் கணக்கில் சேர்ந்தால், வேறொருவர் காசில் சாம்பிள் கொடுத்ததாக ஆகிறது. தொகை சின்னதுதான். ஆனால் மொத்தத் தொழிலும் நம்பிக்கையின் மேல் நிற்கிறது. இலைக் கணக்கில் சண்டை வந்த கல்யாணத்தைப் பற்றி ஊரே பேசும், அங்கே போட்ட பாயசத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

ஆகவே ஸ்டார்ட்டருக்குப் போகும் பணத்தை இங்கே திருப்பலாம் என்பது என் கருத்து. கல்யாண வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, "நாலு பேர் பார்க்க வர்றாங்க, அந்த இலை எங்க கணக்கு" என்று பில்லில் கழித்துவிடலாம். மேலே போட்ட கணக்கின்படி 250 ரூபாய் வீதம் நாலு இலைக்கு 1,000 ரூபாய் கழிக்க வேண்டும், ஸ்டார்ட்டருக்கு ஆவதில் ஆறில் ஒரு பங்கு. அதைத் தின்பவர்கள் அத்தனை பேரும் ஆர்டர் கொடுக்கும் நிலையில் இருப்பவர்கள். அவர்களைக் கடைசிப் பந்திக்கு வரச் சொல்லும் தைரியம் இருந்தால் இன்னும் நல்லது. முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில், ஆவணிக்குத் தேதி குறித்திருக்கும் நாலைந்து குடும்பங்களை அழைத்து முழுச் சாப்பாடு போடலாம்.

அதோடு ஒரு நோட்டு. விசாரிக்க வரும் ஒவ்வொருவரிடமும் "எங்க சாப்பிட்டீங்க, என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். பாதி விசேஷங்களில் ஸ்டார்ட்டர் கொடுத்து, பாதியில் கொடுக்காமல் ஆறு மாதம் பார்த்தால், போண்டா ஆர்டர் கொண்டுவருகிறதா என்று சியால்டினியையும் ஏரியலியையும் கேட்காமலே தெரிந்துவிடும். சின்ன எண்ணிக்கைதான், ஆய்விதழில் போட முடியாது. ஆனால் அவரவர் தொழில் பற்றிய எண்ணாக இருக்கும்.

இரண்டு புத்தகங்களையும் படிக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மனிதர்களை எப்படி வளைக்கிறார்கள் என்று வாங்குகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்கச் சியால்டினி எழுதிய புத்தகம் அது. அதை விற்கிறவர்களின் கையேடாக மாற்றியது அவர் பெயரைச் சொல்லி வகுப்பெடுப்பவர்கள். படிக்கும்போது ஒவ்வொரு உதாரணத்திலும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: தின்றவர் யார், காசு கொடுத்தவர் யார், இரண்டும் ஒரே ஆளா? அந்தப் பாலாடைக்கட்டிக் கடையில் ஒரே ஆள். நம் கல்யாணப் பந்தியில் இல்லை.